தேர்வுத்தாளைத் தொட முடியாத நகர்மன்றம் எதற்காகத் தீர்மானம் போடுகிறது?

பொதுத்தேர்வு முறை நியாயமாக இல்லை என்று மாணவர்கள் தெருவில் இறங்கும்போது அந்த ஊர் நகர்மன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றினால், அதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். வினாத்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் முடிவு வெளியிடுவதும் நகர்மன்றத்தின் வேலை அல்ல. குடிநீரும் குப்பையும் தெருவிளக்கும் பார்க்க வேண்டிய மன்றத்துக்குத் தேர்வு வாரியத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் தேர்வு முடிவைத் தீர்மானிப்பதில் மாணவரின் ஊரும் ஒரு பங்கு வகிக்கிறது என்று தெரியவந்தால் அந்தக் கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது. 2020ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்தது அதுதான். உள்ளாட்சி அமைப்புகள் மாணவர்களின் தேர்வுப் போராட்டத்தில் எங்கே பயன்படும், எங்கே வெறும் சடங்காகிவிடும் என்பதைப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான நிகழ்வு அண்மைக் காலத்தில் இல்லை.

கொரோனா பரவலால் 2020 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் அந்த ஆண்டுப் பொதுத்தேர்வுகள் நடைபெறாது என்று அறிவித்தார். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றிலும் தேர்வுகள் ரத்தாயின. தேர்வே எழுதாத மாணவருக்கு எப்படி கிரேடு கொடுப்பது என்ற கேள்விக்கு நான்கு அரசுகளும் ஏறக்குறைய ஒரே விடையைச் சொன்னன. ஒவ்வொரு மாணவரும் தேர்வு எழுதியிருந்தால் என்ன கிரேடு பெற்றிருப்பார் என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் தாராளமாக மதிப்பிடக்கூடும் என்பதால், முந்தைய ஆண்டுகளின் முடிவுகளோடு ஒப்பிட்டு அந்த மதிப்பீடுகளைச் சரிக்கட்ட வேண்டும். இரண்டாவது படியில்தான் எல்லாம் கெட்டது.

பள்ளிப் படிப்பின் முடிவில் பதினெட்டு வயதில் எழுதும் 'ஏ லெவல்' தேர்வுக்கு இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்க்வால் வகுத்த கணக்கு முறை எப்படி இயங்கியது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. ஆசிரியர்களிடமிருந்து அது இரண்டு தகவல்களைக் கேட்டது: ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கிரேடு, ஒவ்வொரு பாடத்திலும் முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை ஒரு தரவரிசை. பெரிய வகுப்புகளில் ஆசிரியர் தந்த கிரேடு கணக்கில் கொள்ளப்படவே இல்லை. தரவரிசை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு 2017 முதல் 2019 வரை அதே பள்ளி அதே பாடத்தில் பெற்ற கிரேடுகளின் பரவல் எடுக்கப்பட்டது. இந்த ஆண்டு மாணவர்கள் பதினாறு வயதில் எழுதிய தேர்வில் முந்தைய மாணவர்களைவிட மேலாகவோ கீழாகவோ இருந்தால் அந்தப் பரவல் சற்று நகர்த்தப்பட்டது. கடைசியில் தரவரிசையின்படி மாணவர்கள் அந்தக் கட்டங்களில் ஒவ்வொருவராக உட்கார வைக்கப்பட்டார்கள். ஒரு பள்ளியில் முப்பது பேர் இயற்பியல் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று ஆண்டுகளில் அங்கே யாரும் மிக உயர்ந்த கிரேடான ஏ ஸ்டார் வாங்கவில்லை என்றால், இந்த ஆண்டு வகுப்பில் முதலாவதாக நிற்கும் பெண் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவளை உட்கார வைக்க அங்கே ஏ ஸ்டார் நாற்காலி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதேபோல ஆண்டுதோறும் ஓரிருவர் தோற்றுவந்த பள்ளியில் இந்த ஆண்டும் யாராவது தோற்றாக வேண்டும். தரவரிசையில் கடைசியில் இருப்பவர் அந்த இடத்தை நிரப்புவார்.

சிறிய வகுப்புகளுக்குப் புள்ளியியல் பொருந்தாது என்பது ஆஃப்க்வாலுக்குத் தெரியும். அதனால் ஒரு பாடத்தில் ஐந்து பேர் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் ஆசிரியரின் கிரேடு அப்படியே ஏற்கப்பட்டது. பதினைந்து பேர் வரை இரண்டும் கலந்து எடுக்கப்பட்டன. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில்தான் சிறிய வகுப்புகள் அதிகம்; பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கும், அரசு நிதியில் இயங்கும் மேல்நிலைக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கே நூற்றுக்கணக்கில் மாணவர்கள் இருப்பார்கள். விளைவு ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தபோது பளிச்சென்று தெரிந்தது. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் ஏ அல்லது ஏ ஸ்டார் பெற்றவர்களின் பங்கு தனியார் பள்ளிகளில் 4.7 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. அரசு நிதியில் இயங்கும் பொதுப் பள்ளிகளில் 2. மேல்நிலைக் கல்லூரிகளில் 0.3 மட்டுமே. ஆசிரியர்கள் தந்த கிரேடுகளில் 39.1% குறைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு படி இறக்கப்பட்டவை, 3.3% இரண்டு படி இறக்கப்பட்டவை. பல்கலைக்கழக இடம் ஒரே ஒரு கிரேடில் தொங்கிக்கொண்டிருக்கும் மாணவருக்கு ஒரு படி என்பது சிறிய விஷயமல்ல.

இதற்கு ஒன்பது நாள் முன்னதாகவே, ஆகஸ்ட் 4 அன்று, ஸ்காட்லாந்தில் இதன் முன்னோட்டம் நடந்துவிட்டது. அங்கே ஏறத்தாழ 1,25,000 மதிப்பீடுகள் இறக்கப்பட்டன. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு உதவும் 'ஹையர்' தேர்வில் மிகவும் வறிய பகுதிகளில் வாழும் மாணவர்களின் தேர்ச்சி விகிதம் ஆசிரியர் மதிப்பீட்டின்படி 85.1%, சரிக்கட்டிய பிறகு 69.9%. மிகவும் வசதியான பகுதிகளில் அது 91.5 சதவீதத்திலிருந்து 84.6 ஆகத்தான் குறைந்தது. அதாவது ஏழைப் பகுதிக்கு 15.2 புள்ளி வெட்டு, வசதியான பகுதிக்கு 6.9 புள்ளி வெட்டு. மூன்றே நாளில் மாணவர்கள் கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் கூடினார்கள். அந்தச் சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில்தான் நகர்மன்றக் கட்டடம் நிற்கிறது. அவர்கள் பிடித்திருந்த அட்டைகளில் இருந்த வாசகத்தின் பொருள் இது: என் உழைப்பை எடைபோடுங்கள், என் அஞ்சல் குறியீட்டை அல்ல.

பிரச்சினையின் மையத்தை அந்த வாசகத்தைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. கண்டிப்பாகப் பார்த்தால், கணக்கு முறை யாருடைய அஞ்சல் குறியீட்டையும் உள்ளே வாங்கவில்லை. பள்ளியின் கடந்த காலத்தைத்தான் வாங்கியது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளிக்குத்தான் போகிறார்கள்; வீட்டு வாடகையும் பள்ளியின் தரமும் கைகோத்து நடக்கின்றன. பள்ளியின் கடந்த காலம் என்பது அந்தப் பகுதியின் கடந்த காலமேதான். தனி மாணவருக்குக் கொடுக்கப்பட்ட கிரேடு உண்மையில் ஓர் ஊருக்குக் கொடுக்கப்பட்ட கிரேடாக இருந்தது. அநீதி ஊர்வாரியாக விழுந்தது என்றால் அதைப் பற்றிப் பேசும் தகுதி ஊரின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு இருக்கிறது என்பதே என் கருத்து. தேர்வை நடத்தும் அதிகாரம் வேண்டாம். தேர்வின் விளைவைச் சுமக்கும் இடத்தில் இருந்தாலே போதும்.

அதிகாரம் இல்லை என்பதும் எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பதினோரு வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரித்து, சிலரைப் படிப்பில் சிறந்தவர்களுக்கான இலக்கணப் பள்ளிக்கும் ('கிராமர் ஸ்கூல்') பலரைச் சாதாரணப் பள்ளிக்கும் அனுப்பிய தேர்வை நடத்தியதே உள்ளாட்சிக் கல்வி அமைப்புகள்தான். இலக்கணப் பள்ளி இடங்கள் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு விகிதத்தில் இருந்தன. ஒரே அளவு அறிவுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று தேறும், அடுத்த கவுண்டியில் இருக்கும் மற்றது தோற்கும். அந்த அநீதிக்கு மன்றங்களே பொறுப்பு. அதை முதலில் கைவிடத் துணிந்ததும் ஒரு மன்றம்தான்: 1957இல் லெஸ்டர்ஷயர் தன் பகுதியில் அந்தத் தேர்வை விலக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாடு தழுவிய அளவில் அரசு அந்தத் திசையில் சுற்றறிக்கை அனுப்பியது எட்டு ஆண்டுகள் கழித்து, 1965இல். பிறகு 1988ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து கடிவாளத்தை மத்திய அரசின் கைக்கு மாற்றியது. 2010க்குப் பிறகு ஆயிரக்கணக்கான பள்ளிகள் மத்திய அரசிடம் நேரடியாக நிதி பெறும் 'அகாடமி'களாக மாறி மன்றத்தின் பிடியிலிருந்தே வெளியேறின.

கல்வியை நடத்திவந்த இந்தப் பெரிய மன்றங்களுக்குக் கீழே இருக்கும் சிறிய நகர மன்றங்களுக்கு, இங்கிலாந்தில் கிராம மன்றங்களையும் சேர்த்தால் சுமார் 10,000 இருக்கும், கல்வியில் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை. அவற்றால் செய்யக்கூடியது ஒன்றே: உறுப்பினர் ஒருவர் தீர்மானம் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், வாக்கெடுப்பு நடக்கும், மன்றச் செயலர் அமைச்சருக்கும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கடிதம் எழுதுவார். பொதுமக்கள் பேசுவதற்கென்று கூட்டத்தில் ஒதுக்கும் சில நிமிடங்களில் மாணவர்கள் வந்து பேசலாம். பேசியது குறிப்பேட்டில் ஏறும். வாக்களிக்கும் வயதே வராத ஒருவருக்கு அரசு ஆவணத்தில் தன் பேச்சு பதிவாகும் வழி வேறு அதிகம் இல்லை. ஆனாலும் எந்த ஆதாரமும் இணைக்காமல் 'மாணவர்களின் கோரிக்கையை இம்மன்றம் ஆதரிக்கிறது' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அது அமைச்சகத்தின் கோப்பில் தூங்கும். மத்தியில் ஆளும் கட்சிக்கு எதிரான கட்சி மன்றத்தில் பெரும்பான்மையாக இருந்து, அடுத்த தேர்தலை மனத்தில் வைத்துப் போடும் தீர்மானங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எது பயன்படும் என்பதை 2020 காட்டியது. கணக்கு முறைக்குக் கண்ணுக்குத் தெரியாதவை சில இருந்தன: சென்ற ஆண்டு இரண்டு பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டது, மோசமாக இருந்த பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வந்து நிலைமை மாறியது, ஒரு பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் கிடைத்தது. மூன்று ஆண்டுச் சராசரியில் இவை கரைந்துபோகும். ஆனால் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சிக் கல்வித் துறைக்கு இவை அன்றாடச் செய்தி. ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளிகளை நடத்துவதும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் 32 உள்ளாட்சி மன்றங்களே. அப்படியிருந்தும், ஒரு பள்ளியின் மதிப்பீடு வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தபோது தேர்வு ஆணையம் அந்தப் பள்ளியையோ மன்றத்தையோ கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லை, கணினியிலேயே வெட்டியது. பின்னர் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிரீஸ்ட்லி தலைமையில் நடந்த ஆய்வு சுட்டிக்காட்டிய குறைகளில் இந்த உரையாடல் இன்மையும் ஒன்று.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பெருநகரின் மேயர் ஆண்டி பர்ன்ஹாம் வேறு வழியைப் பிடித்தார். பத்து மன்றங்கள் இணைந்த அந்த அமைப்பின் தலைவர் என்ற முறையில், இந்தக் கணக்கு முறை பெரிய மேல்நிலைக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களைப் பாகுபாட்டோடு நடத்துகிறது என்று ஆஃப்க்வாலுக்கு எழுதி, சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாகச் சொன்னார். தன்னார்வச் சட்ட அமைப்புகளின் துணையோடு மாணவர்கள் சிலரும் நீதிமன்றத்தை நாடும் ஏற்பாட்டில் இருந்தார்கள். தனி மாணவர் ஒருவர் தனக்கு நேர்ந்ததை மட்டுமே சொல்ல முடியும். பத்து ஊர்களின் முடிவுகளை அருகருகே வைத்து, இது தற்செயல் அல்ல, ஒரு வடிவம் என்று காட்ட உள்ளாட்சியால் முடியும்.

மாணவருக்கு மேல்முறையீட்டு வழி ஒழுங்காக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் தன் கிரேடு தவறு என்று மாணவர் தாமே முறையிட அந்த ஆண்டு இடம் இல்லை. பள்ளிதான் முறையிட வேண்டும், அதுவும் தவறான தரவு பயன்படுத்தப்பட்டது போன்ற குறுகிய காரணங்களுக்காக. முடிவுகள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, பள்ளியில் எழுதிய மாதிரித் தேர்வின் கிரேடைக் காட்டி முறையிடலாம் என்று அமைச்சர் புதிதாக ஒரு வாக்குறுதி கொடுத்தார். எந்த மாதிரித் தேர்வு செல்லும் என்ற விதிகளை ஆகஸ்ட் 15, சனிக்கிழமை, ஆஃப்க்வால் வெளியிட்டது; அன்றிரவே சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்குத் தொலைபேசியில் காத்துக் கிடந்த வாரஇறுதியில் நடந்த கூத்து இது. திங்கட்கிழமை, ஆகஸ்ட் 17 அன்று, அரசு முழுமையாகப் பின்வாங்கி ஆசிரியர்கள் தந்த கிரேடுகளையே ஏற்றது. ஸ்காட்லாந்தில் அப்போதைய கல்வி அமைச்சர் ஜான் ஸ்வின்னி ஆறு நாள் முன்னதாகவே அதைச் செய்திருந்தார். முடிவுகள் வந்ததற்கும் பின்வாங்கியதற்கும் இடைப்பட்ட நான்கு நாளில் இங்கிலாந்தில் பலர் தங்கள் இடத்தை இழந்துவிட்டார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு இருந்த எண்ணிக்கை வரம்பை நீக்கித்தான் அரசு அதைச் சமாளித்தது. ஆஃப்க்வாலின் தலைமை ஒழுங்குமுறையாளர் அம்மாத இறுதியில் பதவி விலகினார். பிரதமர் போரிஸ் ஜான்சன் பழியை 'திரிந்துபோன அல்காரிதம்' மேல், அதாவது அந்தக் கணக்கு முறை மேல், போட்டார். அல்காரிதம் தானாகத் திரியவில்லை. கிரேடுகள் பெருகக் கூடாது என்று அரசு இட்ட கட்டளையை அது எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது.

இந்தக் கதையை மாணவர்கள் வென்றார்கள், மன்றங்கள் துணைநின்றன என்று முடித்துவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். அரசு சொன்ன காரணத்திலும் சரக்கு இருந்தது. ஆசிரியர் மதிப்பீட்டை அப்படியே ஏற்றிருந்தால் ஸ்காட்லாந்தின் வறிய பகுதிகளின் தேர்ச்சி ஒரே ஆண்டில் 19.8 புள்ளிகள் உயர்ந்திருக்கும், அது நம்பத்தக்கதல்ல என்று முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன் முதலில் வாதாடினார். பிறகுதான் மன்னிப்புக் கேட்டார். ஸ்காட்லாந்து முழுவதற்குமான 'ஹையர்' தேர்ச்சி விகிதம் 2019இல் 74.8 ஆக இருந்தது 2020இல் 89.3 ஆனது. முந்தைய ஆண்டு மாணவர்களும் அடுத்த ஆண்டு மாணவர்களும் அதே இடங்களுக்கு அதே சான்றிதழோடு போட்டியிட வேண்டும் என்பதால் இதுவும் நியாயம் சார்ந்த கேள்வியே. அடுத்த ஆண்டு கணக்கு முறையே இல்லாமல் ஆசிரியர்கள் மட்டுமே கிரேடு வழங்கினார்கள். 'ஏ லெவல்' தேர்வில் ஏ, ஏ ஸ்டார் பங்கு 44.8% ஆனது. தனியார் பள்ளிகளில் அது 70% ஐத் தாண்டியது. அல்காரிதம் போன பிறகும் இடைவெளி இருந்த இடத்திலேயே இருந்தது, இன்னும் அகலமாக. வழக்கமான தேர்வும் பலர் நம்பும் அளவுக்குத் துல்லியமான தராசு அல்ல: கிரேடுகள் ஒரு படி முன்பின்னாகத்தான் நம்பத்தக்கவை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னவர் ஆஃப்க்வாலின் அப்போதைய பொறுப்புத் தலைவரே.

நம் பக்கமும் இதே கணக்கு வேறு பெயரில் வந்தது. 2021இல் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தபோது, பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டுக்கு 40 என்று பிரித்து மதிப்பெண் வழங்கியது. ஆனால் பள்ளி தரும் மதிப்பெண்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளியின் சிறந்த ஆண்டு முடிவோடு பொருந்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது. மூன்று ஆண்டுச் சராசரிக்குப் பதில் சிறந்த ஆண்டு என்பது சற்று இரக்கமான தேர்வு. ஆனாலும் மாணவரைப் பள்ளியின் வரலாற்றில் கட்டிப்போடும் கயிறு அதேதான். தமிழ்நாட்டு மாநில வாரியம் அதே ஆண்டு பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று மாணவரின் சொந்த மதிப்பெண்களை வைத்தே முடித்துக்கொண்டது. எந்த முறை மேல் என்று அன்று நடந்த விவாதத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இடத்தை வைத்து மதிப்பெண்ணைத் திருத்துவது எப்போதும் ஏழைக்கு எதிராகத்தான் போகும் என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் 1971இல் மொழிவாரித் தரப்படுத்தலால் மருத்துவப் படிப்புக்குத் தமிழ் மாணவருக்கு 250 மதிப்பெண்ணும் சிங்கள மாணவருக்கு 229ம் வேண்டியிருந்தது. அந்தக் காயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டில் யாழ்ப்பாணம் இழந்தபோது, பின்தங்கிய தமிழ் மாவட்டங்கள் சில இடம் பெற்றன. ஸ்காட்லாந்திலும் இந்த இரட்டை முகம் உண்டு. 2020இல் வெட்டு யார்மேல் அதிகம் விழுந்தது என்று அளந்து காட்டிய அதே வறுமைக் குறியீட்டைக் கொண்டுதான் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வறிய பகுதி மாணவர்களுக்குச் சேர்க்கை மதிப்பெண்ணைத் தளர்த்துகின்றன. ஊரைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்பதைவிட, மாணவரின் உழைப்பு அளக்கப்பட்ட பிறகு எடுக்கிறோமா, அளப்பதற்குப் பதிலாகவே எடுக்கிறோமா என்பதுதான் நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் நடுவே நிற்கிறது.

ஆகவே ஒரு நகர்மன்றம் தேர்வு நியாயத்துக்காகப் போராடும் மாணவர்களை ஆதரிக்க நினைத்தால், வாழ்த்துரை போன்ற தீர்மானத்தைவிடக் கேள்விகள் கொண்ட தீர்மானம் அதிகம் சாதிக்கும். நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை மதிப்பீடுகள் எந்தப் பாடத்தில் இறக்கப்பட்டன, பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் எப்படி, மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் ஆகும் கட்டணத்தை எத்தனை குடும்பங்களால் கட்ட முடியவில்லை, மேல்முறையீட்டை மாணவரே செய்ய முடியுமா என்று கேட்டு, கிடைத்த விடையை வெளியிடுவது ஒரு சிறிய மன்றத்தின் சக்திக்கு உட்பட்டதே. இங்கிலாந்தில் நான்கே நாளில் அரசைப் பின்வாங்க வைத்ததில் முழக்கங்களுக்கு இருந்த பங்கு இத்தகைய எண்களுக்கும் இருந்தது.

ஸ்காட்லாந்தில் அதன் பின்விளைவு மெதுவாக வந்தது. நம்பிக்கை இழந்த பழைய தேர்வு ஆணையத்தைக் கலைத்துப் புதிய அமைப்பை உருவாக்கும் பரிந்துரையைப் பேராசிரியர் கென் மியூர் 2022 மார்ச்சில் அளித்தார். அதற்கான சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025 ஜூனில் நிறைவேற்றியது. புதிய அமைப்பு மாணவர் நலனுக்கென ஒரு குழுவையும் ஆசிரியர் நலனுக்கென ஒரு குழுவையும் வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அடுத்த முறை தேர்வு முறையில் அவசர மாற்றம் வரும்போது, கணக்கு முறை ஓடுவதற்கு முன்னரே அந்தக் குழுக்கள் கேட்கப்படுமா, ஓடிய பிறகு கேட்கப்படுமா என்பதைச் சட்டத்தின் எழுத்தைவிட ஆணையத்தின் பழக்கமே தீர்மானிக்கும்.